வட்டக்களரியும் சதுரத் திரையும்

1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ முதன்முதலாக மேடையேறியபோது இலங்கையில் தொலைக்காட்சி என்ற ஒன்றே இருக்கவில்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும்தான் தொடங்கின. ஆகவே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அந்த நாடகத்தை எழுதும்போது, ஒருநாள் அதை ஒருவர் கதிரையில் சாய்ந்திருந்து பார்ப்பார், நடுவில் எழுந்துபோய் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் பார்ப்பார் என்று நினைத்திருக்க முடியாது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியபோதும் நிலைமை அதுதான்.

இன்று கட்டுகஸ்தோட்டையில் ரீ.வி. இல்லாத வீட்டைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். பாடசாலைக் கலைவிழாவைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரு மேடை நாடகத்தை நேரில் பார்த்த எங்கள் வயதுப் பிள்ளையைத் தேடிப்பிடிப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு கஷ்டம்தான். பாட்டும் ஆட்டமுமாக மேடைக்கென்றே உருவான ஒரு நாடகத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றலாமா, மாற்றினால் எப்படி மாற்றுவது என்ற கேள்வி அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் பதில், மாற்றத்தான் வேண்டும் என்பது. ஆனால் திரைக்கு வந்த பிறகும் அது தான் மேடையில் பிறந்ததை ஒளிக்கக் கூடாது.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும். ஒரு பக்கம், நாடகம் என்றால் நேரில்தான் பார்க்க வேண்டும், பெட்டிக்குள் போட்டால் அது செத்துவிடும் என்பவர்கள். மறுபக்கம், ரீ.வி.க்குக் கொண்டுவருவதென்றால் சினிமாவைப்போல உண்மையான காடு, உண்மையான அரண்மனை, உண்மையான குதிரை என்று எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பவர்கள். முதல் தரப்பினர்மீது எனக்கு மரியாதை உண்டு. இரண்டாவது தரப்பினர்மீது கொஞ்சம் பயம் உண்டு.

நேரில் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் நேரில் பார்க்கலாம்? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கு எங்களுக்குத் தூரமில்லை. பாலத்தைக் கடந்து கண்டிக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் எடுத்தால் சரி. சரிவான நிலத்தில் படிப்படியாக இருக்கைகள் இறங்கிப்போகும் அந்த அரங்கைச் சிங்கள மாணவர்கள் ‘வள’ என்பார்கள். குழி என்று பொருள். சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ 1961இல் அரங்கேறியது அங்கேதான். இப்போது அந்த அரங்குக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் திறந்தவெளி நாடகம் இருட்டிய பிறகுதான் தொடங்கும். முடியும்போது பஸ் இருக்காது. பெண்பிள்ளை என்றால் கூட்டிப்போகவும் கூட்டிவரவும் வாப்பாவோ நாநாவோ வேண்டும். வாப்பா கடை பூட்டி வருவதற்குள் நாடகத்தில் பாதி முடிந்துவிடும். உம்மம்மாமார்களின் முழங்கால் அந்தப் படிகளுக்குச் சம்மதிக்காது. எங்கள் உம்மாமார்களில் எத்தனை பேர் தங்கள் வாழ்நாளில் ஒரு முழு நாடகத்தை ஓர் அரங்கில் இருந்து பார்த்திருப்பார்கள் என்று உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்வது, எங்களைப் பொறுத்தவரை, பார்க்கவே வேண்டாம் என்று சொல்வதாகத்தான் வந்து முடிகிறது.

இன்னொன்று. இடம் மாறினால் கலை செத்துவிடும் என்றால் மனமேயும் இராவணேசனும் பிறந்தே இருக்க முடியாது. இந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்த கதை இது.

சிங்களத்தில் ‘நாடகம’ என்று ஒரு பழைய இசை நாடக வகை உண்டு. பெயரிலேயே தமிழ் தெரிகிறது. தென்னிந்தியத் தெருக்கூத்தும், இங்கே கத்தோலிக்கர் ஆடிய தமிழ்க் கூத்தும் சிங்களக் கரையோரக் கிராமங்களுக்குப் போய் அங்கே வேரூன்றியதுதான் அது. காலப்போக்கில் நகரத்தார் அதை நாட்டுப்புறச் சங்கதி என்று கைவிட்டார்கள். 1955இல் ஜப்பானுக்குப் போய் நோ, கபுக்கி நாடகங்களைப் பார்த்த சரச்சந்திர, ஒரு நாடு தன் பழைய மேடையை எப்படிப் பெருமையோடு வைத்திருக்கலாம் என்பதைக் கண்டுவந்தார். பிறகு அம்பலாங்கொடையைச் சேர்ந்த நாடகம ஆசிரியர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு மனமேயை உருவாக்கினார். நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். இரவிரவாக ஆடியது இரண்டு மணித்தியாலம் அளவுக்குச் சுருங்கியது.

அதைப் பார்த்துத் தமிழ்த் துறையிலிருந்த வித்தியானந்தன், தமிழ்க் கூத்திலிருந்து போனது அங்கே இப்படி வாழ்கிறதென்றால் நம்முடைய கூத்துக்கு என்ன குறை என்று எண்ணிச் செயலில் இறங்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’. அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’. அதன் பிறகு, எல்லாவற்றிலும் புகழ்பெற்ற ‘இராவணேசன்’. மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார்கள். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் தானே பேராசிரியராகி மட்டக்களப்பில் அதே நாடகத்தைப் புதிய தலைமுறையைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார்.

மட்டக்களப்பில் கூத்து ஆடப்படுவது வட்டக்களரியில். நிலத்தில் மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்த களம், சுற்றிவரச் சனம், விடிய விடிய ஆட்டம். எல்லாப் பக்கமும் பார்ப்பவர்கள் இருப்பதால் ஆடுபவர் எந்தப் பக்கத்துக்கும் நிரந்தரமாக முதுகு காட்ட முடியாது, சுழன்றுகொண்டே இருப்பார். வித்தியானந்தன் அதைக் கொண்டுவந்து வைத்ததோ முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில். வட்டம் சதுரமாகியது. ஓர் இரவு இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. மீண்டும் மீண்டும் வரும் ஆட்டங்கள் குறைந்து, தம்பியையும் மகனையும் இழந்த பிறகும் பின்வாங்காத இராவணனின் உள்ளத்துக்கு இடம் கூடியது. அப்போதும் இது கூத்தே இல்லை என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் மத்தளம் இருந்தது, தாளம் இருந்தது, பிற்பாட்டு இருந்தது, வரவு இருந்தது, அண்ணாவியார் இருந்தார். எதைக் கழற்றினால் கட்டடம் விழும், எதைக் கழற்றினால் விழாது என்று தெரிந்து கழற்றினார்கள். தொலைக்காட்சிக்காரர் செய்ய வேண்டியதும் அந்தக் கணக்கைத்தான்.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம்.

கமராவுக்கு முகம் பிடிக்கும். தொடர் நாடகங்களில் ஒரு திடுக்கிடும் செய்தி வந்தால் ஐந்து பேரின் முகத்தை ஒவ்வொன்றாக, மூன்று மூன்று தடவை காட்டுவார்கள். உம்மா அதற்குள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துவிடுவார். கூத்தில் கதை நடப்பது முகத்தில் மட்டுமல்ல, காலிலும்தான். அரசன் வரும் தாளக்கட்டு வேறு, பெண்கள் வரும் தாளக்கட்டு வேறு. யார் வருகிறார் என்பதைப் பெயர் சொல்வதற்கு முன்பே கால் சொல்லிவிடும. நெஞ்சளவில் வெட்டிய காட்சியாக அதைக் காட்டினால், யாரோ ஒருவர் காரணமில்லாமல் மேலும் கீழும் குதிப்பதுபோலத்தான் தெரியும். பாடும் வாயை மட்டும் காட்டிக் காலைக் காட்டாத கூத்து, எழுத்தை மட்டும் காட்டி அர்த்தத்தை மறைத்த புத்தகம் மாதிரி.

அப்படியானால் தூரத்தில் ஒரு கமராவை நிறுத்தி முழு மேடையையும் காட்டிக்கொண்டே இருந்தால் சரியா? அப்படி எடுத்த பதிவுகளை யூரியூபில் நிறையப் பார்க்கலாம். ஆட்கள் தீக்குச்சி அளவில் தெரிவார்கள். ஆட்டத்தை விட முன்வரிசையில் இருப்பவரின் தலை நன்றாகத் தெரியும். நாடகத்தை நேசிப்பவரே பத்து நிமிடத்தில் தொலைபேசியை மூடிவிடுவார். அது ஆவணம், பாதுகாக்க வேண்டியதுதான், ஆனால் அதைப் பார்த்து யாரும் கூத்தில் ஆசை கொள்ளப் போவதில்லை.

இதற்கான விடை கூத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆடுபவர் ஓர் அடியைப் பாடுவார். உடனே பிற்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் ஆடுபவர் ஆடுவார். இது ஒன்றன்பின் ஒன்றாக நாடகம் முழுக்க நடக்கும். அவர் பாடும்போது முகத்துக்குக் கிட்டப் போங்கள். பிற்பாட்டு எழும்போது பின்னுக்கு வந்து தலையிலிருந்து பாதம்வரை காட்டுங்கள். எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்று பழைய அண்ணாவியார்கள் கமராவைக் காணாமலே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மத்தளக்காரரின் கையையும் இடைக்கிடை காட்டினால் பார்ப்பவர் தானாகவே தாளத்துக்குள் வந்துவிடுவார். ஸ்டூடியோவில் எடுப்பதென்றால் இன்னொரு வசதியும் உண்டு. கமரா எல்லாப் பக்கமும் நிற்கலாம். படச்சட்ட மேடைக்காகச் சதுரமாக்கிய ஆட்டத்தை மீண்டும் வட்டமாக ஆடலாம், நாலு பக்கத்திலிருந்தும் பிடிக்கலாம். மேடை பறித்ததைத் தொலைக்காட்சி திருப்பிக் கொடுக்கக்கூடிய ஓர் இடம் இது. ஒருவராவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

மனமேக்கு வருவோம். இங்கே ஆபத்து வேறு விதமானது. கதை ஜாதகக் கதையிலிருந்து வந்தது. குருவிடம் வித்தை கற்ற மனமே இளவரசன், குருவின் மகளை மணந்துகொண்டு காட்டு வழியே தன் நாட்டுக்குப் போகிறான். வழியில் வேடர் அரசன் மறிக்கிறான், இருவருக்கும் சண்டை. மேடையில் காடு இல்லை. ஒரு மரக்கிளைகூட இல்லை. இளவரசனும் இளவரசியும் தாளத்துக்கு நடந்து மேடையைச் சுற்றி வருகிறார்கள், காட்டின் அழகைப் பாடுகிறார்கள், ஓரத்தில் நிற்கும் பொத்தேகுரு கதையைச் சொல்கிறார். காடு நம் மனதில் முளைக்கிறது. இதையே உண்மையான காட்டில் எடுத்தால் என்ன ஆகும்? ஹந்தானையிலோ உடவத்தகெலேயிலோ நல்ல மரங்கள் இருக்கின்றன, எடுப்பது சுலபம். ஆனால் மரம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது மரத்தைப் பற்றிப் பாட என்ன தேவை? பாட்டு வெறும் அலங்காரமாகிவிடும். பொத்தேகுரு யாரோ வழிதவறி வந்தவர்போல நிற்பார். தயாரிப்பாளர் அவரை முதலில் வெட்டுவார், அடுத்ததாகப் பாட்டுகளைக் குறைப்பார், கடைசியில் மிஞ்சுவது ஓர் அரச காலத்துச் சண்டைக் கதை.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்த வாளில் இருக்கிறது. பழைய ஜாதகக் கதையில் இளவரசி வாளின் பிடியை எதிரியிடம் கொடுத்துக் கணவனைக் கொல்ல வைக்கிறாள். பெண் துரோகி என்பது கதையின் தீர்ப்பு. சரச்சந்திர அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அவருடைய இளவரசி, தனியாளாக நின்று நேர்மையாகப் போரிட்ட வேடனுக்காக ஒரு வார்த்தை பேசுகிறாள். இளவரசன் ஒரு கணம் தடுமாறுகிறான். அந்தக் கணத்தில் வாள் கைமாறுகிறது. அவள் கொடுத்தாளா, வேடன் பறித்தானா, அவள் மனதில் என்ன இருந்தது? அரங்கைவிட்டு எழுந்து போகும் வரையில் சனம் இதைப் பற்றித் தர்க்கித்தது, இன்றுவரை தர்க்கிக்கிறது. முதல் தயாரிப்பில் இளவரசியாக ட்ரிலீஷியா குணவர்தனவும் ஹேமமாலி குணசேகரவும் மாறி மாறி நடித்தார்கள். ஒரே வசனம் இரண்டு பேரில் இரண்டு விதமாகத் தெரிந்திருக்கும். பார்த்தவர்கள் வெவ்வேறு தீர்ப்போடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்போது அந்தக் கணத்தில் கமரா இளவரசியின் கண்ணுக்குக் கிட்டப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வேடனைப் பார்க்கும் பார்வை திரை முழுவதும் நிறைகிறது. பின்னணியில் ஒரு வயலின். முடிந்தது. விவாதம் இல்லை. அவள் குற்றவாளி என்று தொலைக்காட்சி தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு பெண் ஒரு வினாடி எந்தப் பக்கம் பார்த்தாள் என்பதை வைத்து அவளைப் பற்றி முடிவு கட்டும் வழக்கம் ஊரில் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது. கமராவும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதில்லை. அந்த இடத்தில் மூவரையும் ஒன்றாகக் காட்டுங்கள், வாளையும் சேர்த்து. கிட்டப் போகாதீர்கள். பார்ப்பவர் எங்கே பார்ப்பது என்று பார்ப்பவரே தீர்மானிக்கட்டும். இந்த நாடகத்தில் அந்த ஒரு காட்சியை மட்டும் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தே, எடுத்தவருக்கு மனமே விளங்கியதா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சுவீடனில் நடந்ததைச் சொல்லலாம். மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ 1791இல் மேடையேறிய இசை நாடகம். இங்மர் பெர்க்மன் அதைச் சுவீடன் தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார். 1975 ஜனவரி முதலாம் திகதி ஒளிபரப்பானது. அவர் காட்டுக்கோ மலைக்கோ போகவில்லை. டிரொட்னிங்ஹோம் அரண்மனையில் பதினெட்டாம் நூற்றாண்டு நாடக மேடை ஒன்று இருக்கிறது. கமராக்களையும் விளக்குகளையும் அந்தப் பழைய கட்டடம் தாங்காது என்பதால், அதே மாதிரி ஒரு மேடையை ஸ்டூடியோவில் கட்டுவித்தார். வரைந்த திரைச்சீலை வரைந்ததாகவே தெரிகிறது. தொடக்க இசை முழுவதும் மேடையைக் காட்டாமல் சபையில் இருப்பவர்களின் முகங்களையே காட்டுகிறார். வயோதிபர்கள், இளையவர்கள், பல நாட்டு முகங்கள், திரும்பத் திரும்ப ஒரு சிறுமியின் முகம். இடைவேளையில் நடிகர்கள் திரைக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்றும் காட்டுகிறார். பார்ப்பவர் தான் வீட்டில் இருப்பதை மறந்து அந்த அரங்கில் ஓர் ஆசனத்தில் போய் இருந்துவிடுகிறார். பாடியது மூலமொழியான ஜெர்மனில் அல்ல, வீட்டிலிருப்பவர்களுக்கு விளங்கும் சுவீடிஷ் மொழியில். மேடையை மறைக்காமலே தொலைக்காட்சிக்கு ஏற்றது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இதுதான்.

சபையின் முகத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’கை நம்மில் பலர் திரைப்படமாக அறிவோம்; அது முதலில் 1959இல் மேடை நாடகம். 2013 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அதை நேரடி ஒளிபரப்பாகச் செய்தது. 1 கோடி 80 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஆனால் ஸ்டூடியோவில் சபை இல்லை. ஓர் உருக்கமான பாட்டு முடிகிறது, கைதட்டல் இல்லை, சிரிப்பு இல்லை. ஆளில்லாத வீட்டில் பாடியதுபோல ஒரு மௌனம். 2016இல் இன்னொரு தொலைக்காட்சி ‘கிரீஸ்’ நாடகத்தை அப்படியே நேரடியாக ஒளிபரப்பியபோது சபையையும் காட்சிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். இது பணம் சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. இராவணேசனை எடுக்கும்போது நூறு பேரைச் சுற்றிவர இருத்தினால் போதும். வந்தாறுமூலையிலிருந்து ஒரு பஸ் பிடித்து வருபவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கே ஆரவாரிப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

பெற்றோர்களும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பதால், அவர்கள் மனதில் இந்நேரம் எழுந்திருக்கக்கூடிய கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக நான் விரும்பவில்லை. ஒன்று இராமாயணக் கதை, மற்றது ஜாதகக் கதை, இரண்டிலும் பாட்டும் ஆட்டமும்; இது நம் பிள்ளைகளுக்கு எதற்கு? பாட்டைப் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பேணுதல் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் பின்னேரம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது என்ன? மருமகளின் சாப்பாட்டில் எதையோ கலக்கும் மாமியார், அதற்குப் பின்னால் பாட்டு, அதற்குப் பின்னால் பழிவாங்கல். அதை அனுமதித்த வீட்டில் இராவணேசனுக்கு மட்டும் கதவைப் பூட்டுவது எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தார் என்று தெரிந்துகொள்வதால் நம் ஈமான் குறைந்துபோகாது. பஸ்ஸில் நம் பக்கத்தில் இருக்கும் சிங்களப் பிள்ளைக்கு மனமேயின் பாட்டு மனப்பாடம். நமக்கு அதன் கதைகூடத் தெரியாது.

இசை நாடகத்துக்கும் முஸ்லிம்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் சரியல்ல. வாஜித் அலி ஷாவின் லக்னோவில் ஆகா ஹசன் அமானத் என்ற கவிஞர் 1853 அளவில் ‘இந்திர சபா’ என்ற உருது இசை நாடகத்தை எழுதினார். முஸ்லிம் கவிஞர் இந்திரனின் சபையைப் பாடினார். யாரும் அதைப் புதினமாகப் பார்க்கவில்லை. பார்ஸி நாடகக் குழுக்கள் இந்தியா முழுவதும் இத்தகைய உருது நாடகங்களை நடத்தின. அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புக்கும் வந்து போனதன் விளைவாகத்தான் சிங்கள ‘நூர்த்தி’ பிறந்தது. 1911இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்ததும் அந்த நூர்த்திக்காகவே. 1932இல் இந்திர சபா பேசும்படமாகியபோது அதில் எழுபது அளவிலான பாட்டுகள் இருந்தன. மேடையில் இருந்த பாட்டுகளில் எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள் போலும். எழுபது பாட்டு எனக்குமே கொஞ்சம் அதிகம்தான்.

சுருக்குவது அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மணித்தியால நாடகத்தை விளம்பரத்தோடு சேர்த்துக் காட்டினால் மூன்று மணித்தியாலம் ஆகும். விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. காசு யாராவது கொடுக்க வேண்டும். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைக் கேட்டு நிறுத்தலாம். கூத்தில் ஒவ்வொரு வரவும் ஒரு புதிய தொடக்கம். ஒரு பாத்திரம் போய் இன்னொன்று வருவதற்கு இடையில் இயல்பாகவே மூச்சுவிட இடம் இருக்கிறது. சவர்க்கார விளம்பரத்தை அங்கே வைக்கலாம். கும்பகர்ணன் விழுந்த செய்தி வந்து இராவணன் பாடத் தொடங்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

நேரமும் பார்க்க வேண்டும். ரமழானில் தராவீஹ் நேரத்தில் போட்டால் எங்கள் வீடுகளில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பரீட்சைக் காலத்தில் போட்டால் பார்க்க விடமாட்டார்கள். டிசம்பர் விடுமுறையில், இஷாவுக்குப் பிறகு, இரண்டு இரவுகளாகப் பிரித்துப் போட்டால் உம்மம்மாவிலிருந்து சின்னத் தம்பி வரைக்கும் இருந்து பார்க்கலாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ரூபவாஹினியின் நேத்ரா, சுயாதீனத் தொலைக்காட்சியின் வசந்தம் என்று தமிழுக்குத் தனி அலைவரிசைகள் இருக்கின்றன. சிங்கள நாடகம் சிங்கள அலைவரிசையில், தமிழ்க் கூத்து தமிழ் அலைவரிசையில் என்று பிரித்துப் போட்டால், சரச்சந்திரவும் வித்தியானந்தனும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒருவர் செய்ததை ஒருவர் பார்த்துச் செய்த வேலைக்கு அர்த்தமில்லாமல் போகும். மனமேயை நேத்ராவில் தமிழ் எழுத்துகளோடு போட வேண்டும். இராவணேசனை ரூபவாஹினியில் சிங்கள எழுத்துகளோடு போட வேண்டும். அரங்கில் செய்ய முடியாத, தொலைக்காட்சியால் மட்டும் சுலபமாகச் செய்யக்கூடிய உதவி இது. பாட்டை டப்பிங் செய்யக் கூடாது. பாடுபவரின் வாய் ஒன்றும் குரல் இன்னொன்றுமாகப் போனால் முதல் வரியிலேயே சிரிப்பு வந்துவிடும். மொழிபெயர்ப்பவர் இரண்டு மொழியிலும் கவிதை வாசித்தவராக இருக்க வேண்டும். வசனத்துக்கு நாலு சொல், பாட்டுக்கு இரண்டு வரி. அதற்கு மேல் போட்டால் எழுத்தை வாசிப்பதிலேயே ஆட்டம் போய்விடும். தாளக்கட்டு வரும் இடங்களில் ஒன்றுமே எழுத வேண்டாம்; தகதிமி இரண்டு மொழியிலும் தகதிமிதான்.